பீர் போட்டியையும் தானியங்கி இயந்திரத்தையும் எவ்வளவு நம்பலாம்? வீட்டில் பீர் தயாரிப்போருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இரண்டு சந்தேகங்கள் பேச்சில் வந்துவிடும். ஒன்று போட்டிகளைப் பற்றியது. ஒரே ஈட்டில் எடுத்த இரண்டு பாட்டில்களுக்கு ஓரிடத்தில் 50க்கு 38 புள்ளியும் இன்னோரிடத்தில் 27 புள்ளியும் கிடைத்தால், அந்தப் புள்ளிகளுக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள். மற்றொன்று தானியங்கி இயந்திரங்களைப் பற்றியது. பொத்தானை அழுத்தினால் பீர் வருமென்றால் அதைத் தயாரித்தவர் யார் என்றும், அது கையால் செய்ததைவிட உண்மையிலேயே மேலானதா என்றும் கேட்பார்கள். ஓரிகன் மாநிலத்தில் பதினொரு ஆண்டுகளாக வீட்டில் பீர் தயாரித்துவரும் எனக்கும் இந்த இரண்டு சந்தேகங்களும் உண்டு. மேலே சொன்ன 38, 27 ஆகிய புள்ளிகள் என் கோதுமைப் பீருக்கே கிடைத்தவை.

போட்டியும் இயந்திரமும் நம் முன் ஓர் எண்ணை வைக்கின்றன. இயந்திரத்தின் திரை 67.0 டிகிரி என்று காட்டுகிறது. நடுவரின் தாளில் 34 என்று எழுதியிருக்கிறது. அந்த எண் எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதைக் கண்டறிந்துவிட்டால் சந்தேகத்தைக் கைவிடாமலேயே இரண்டையும் பயன்படுத்திக்கொள்ள முடியும். அதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1978 அக்டோபர் 14 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், அடுத்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து, வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 கேலனும், அதாவது ஏறத்தாழ 380 லிட்டரும் 760 லிட்டரும், சொந்தப் பயன்பாட்டுக்காக வரியின்றித் தயாரிக்க அனுமதித்தது. விற்பதற்கு அனுமதி இல்லை. மாநில அளவில் அலபாமாவும் மிசிசிப்பியும் கடைசியாக 2013இல்தான் இதை ஏற்றன. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் தேவையில்லை. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இந்த வழிகாட்டி, சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழும் வாசகர்களுக்கு மட்டுமே உரியது.

இயந்திரம் எந்தப் பாதியைச் செய்கிறது?

பீர் தயாரிப்பை இரண்டு பாதிகளாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பாதி ஒரே நாளில், ஐந்தாறு மணி நேரத்தில் முடிந்துவிடும். முளைகட்டிக் காயவைத்த பார்லி போன்ற தானியமான மால்ட்டை உடைத்து, 64 முதல் 69 டிகிரி செல்சியஸ் வரையிலான சுடுநீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும்; இதைத்தான் மாஷ் என்கிறோம். அதில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை வடித்தெடுத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, விரைவாகக் குளிரவைக்க வேண்டும். இரண்டாம் பாதி ஈஸ்ட்டின் வேலை. மூடிய பாத்திரத்துக்குள் இரண்டு வாரமோ அதற்கு மேலோ நடக்கும் இந்த நொதித்தலில்தான் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. பீரின் மணத்தில் பெரும்பங்கும் இங்கேதான் உருவாகிறது. கடைகளில் கிடைக்கும் வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை முதல் பாதியை மட்டுமே தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன.

கிரைண்டர் எவ்வளவு நைசாக அரைத்துக் கொடுத்தாலும் மாவு பொங்குவதும் புளிப்பதும் அன்றைய இரவின் சூட்டைப் பொறுத்தது என்பது இட்லி அவிக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பீரும் அப்படித்தான். மாஷ் 67 டிகிரியில் நடந்ததா, 67.5 டிகிரியில் நடந்ததா என்பதைக் குடிப்பவர் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். ஆனால் 18 முதல் 20 டிகிரி வரை விரும்பும், ஏல் என்ற பீர் வகைக்குரிய ஈஸ்ட்டை 26 டிகிரி அறையில் விட்டுவிட்டால், பழ மணம் அளவுக்கு மீறிப் பெருகி, சாராய நெடியும் சேர்ந்து, யார் குடித்தாலும் முகம் சுளிக்கும்படி ஆகிவிடும். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே வெப்பத்தை வெளியிடுவதால் பாத்திரத்தின் உள்ளே இருக்கும் சூடு அறையின் சூட்டைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனவே இயந்திரம் வாங்க எண்ணுபவரிடம் நான் முதலில் கேட்பது, நொதிக்கும் பாத்திரத்தின் சூட்டை இப்போது எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதுதான். அதற்கு வழி செய்யாதவர், இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றையும் அதை இயக்கி நிறுத்தும் வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்றையும் வாங்குவது நல்லது. கட்டுப்படுத்தியின் உணரியைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, வெளிக்காற்று படாதபடி மடித்த துணியால் மூடிக் கட்டுங்கள். உணரியைப் பெட்டிக்குள் சும்மா தொங்கவிட்டால் அது காற்றின் சூட்டை அளக்குமே தவிர பீரின் சூட்டை அளக்காது.

இதைச் செய்த பிறகும் இயந்திரம் வேண்டுமென்றால், அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சிறிய அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர்கள், முதுகுவலியால் 25 லிட்டர் கொதிநீரைத் தூக்க முடியாதவர்கள், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் அடுப்படியில் நிற்க முடியாதவர்கள் ஆகியோருக்கு இயந்திரம் பெரிய உதவி. ஒரே செய்முறையைத் திரும்பத் திரும்பச் செய்து ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்களுக்கும் அதன் சீரான போக்கு பயன்படும். இயந்திரம் உழைப்பைக் குறைக்கும் கருவி. அதை அந்தக் கணக்கில் வாங்குபவருக்கு ஏமாற்றம் இராது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

இயந்திரங்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, மின்சாரத்தில் சூடேறும் பெரிய பாத்திரம், சாற்றைச் சுற்றி ஓடவிடும் பம்பு, கட்டுப்பாட்டுத் திரை ஆகியவை ஒன்றாக அமைந்தது: ஜெர்மனியின் ஸ்பைடல் நிறுவனம் செய்யும் பிரௌமெய்ஸ்டர், நியூசிலாந்தின் கிரெய்ன்ஃபாதர், ஆஸ்திரேலியாவின் ப்ரூஸில்லா போன்றவை. இவற்றில் எந்தக் கடையில் வாங்கிய மால்ட்டையும் போடலாம். இரண்டாம் வகை, நிறுவனம் அடைத்துத் தரும் பொட்டலத்தை மையமாக வைத்துச் செய்யப்பட்டவை. மூன்றாம் வகை, சுண்டக் காய்ச்சிய சாற்றைத் தண்ணீரில் கரைத்து நொதிக்கவிடுபவை. இவற்றில் மாஷ் என்ற கட்டமே நம் கைக்கு வராது.

இரண்டாம் வகையைப் பற்றிய எச்சரிக்கைக்குச் சியாட்டில் நகரின் பிகோப்ரூ நிறுவனத்தின் கதையே போதும். 2010இல் தொடங்கி, 2013இல் ஸைமாட்டிக் என்ற இயந்திரத்துக்கும் 2015இல் பிகோ என்ற சிறிய இயந்திரத்துக்கும் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டிய நிறுவனம் அது. பிகோவில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 5 லிட்டர் பீர் செய்யலாம். அதற்குரிய மால்ட்டும் ஹாப்ஸும் பொட்டலமாக வரும். செய்முறை நிறுவனத்தின் சர்வரிலிருந்து இணையம் வழியே இயந்திரத்துக்கு வந்துசேரும். 2020இல் அந்த நிறுவனம் கடன் சுமையில் வீழ்ந்தது. சர்வர் நின்றால் வீட்டிலுள்ள இயந்திரமும் நின்றுவிடும் என்ற நிலையில், அதை வாங்கியவர்களில் நிரல் எழுதத் தெரிந்த சிலர், ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் இயங்கும் மாற்றுச் சர்வர் ஒன்றைத் தாங்களே எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வாங்கிய பொருளை உயிரோடு வைத்திருக்க அப்படியோர் உழைப்பு தேவைப்படக் கூடாது. ஆகவே கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள்: இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டால் இந்த இயந்திரம் முழு வேலையையும் செய்யுமா? வேறு கடையின் மால்ட்டை இதில் போடலாமா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

அடுத்து வெப்பத் திறனைப் பாருங்கள். அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் இயங்கும் இயந்திரங்கள் ஏறக்குறைய 1,600 வாட் திறனுடையவை. 25 லிட்டர் சாற்றை 67 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர, வெப்பம் சற்றும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும், 36 நிமிடம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். கொதியும் மந்தமாகவே இருக்கும். 240 வோல்ட்டில் 3,200 வாட் என்றால் நேரம் பாதியாகக் குறையும். விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கை நம்பாமல் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

திரையில் தெரியும் எண்ணையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் உணரி பாத்திரத்தின் அடியில், சூடேற்றும் கம்பிக்கு அருகே இருக்கிறது. மால்ட் நிரம்பிய நடுப்பகுதி அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கக்கூடும். நம்பகமான தனி வெப்பமானி ஒன்றை மால்ட்டின் நடுவே செருகி, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையின் எண்ணையும் அதன் எண்ணையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். என் இயந்திரத்தில் முதல் அரைமணி நேரத்துக்கு வேறுபாடு 3 டிகிரி இருந்தது. பம்பின் வேகத்தைக் குறைத்து, மால்ட்டைச் சற்றுப் பெருவெட்டாக உடைத்த பிறகுதான் அது 1 டிகிரிக்குள் வந்தது.

பம்பையும் குழாய்களையும் கழுவும் வேலை விளம்பரங்களில் வராது. கொதித்த சாறு ஓடிய குழாய்க்குள் ஒட்டிய படிவு கிருமிகளுக்குக் குடியிருப்பு. ஒவ்வொரு முறையும் காரத் தூய்மைப் பொடியைச் சுடுநீரில் கரைத்து அரைமணி நேரம் ஓடவிட்டு, பிறகு வெறும் நீரால் அலச வேண்டும். இந்த நேரத்தையும் சேர்த்தே இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.

வீட்டிலேயே ஒரு நேர்மையான சோதனை

இயந்திரப் பீர் மேலானதா, கைப்பீர் மேலானதா என்று வாதிடுவதைவிட மூன்று குவளைச் சோதனை நடத்துவது எளிது. ஒரே மால்ட், ஒரே தண்ணீர், ஒரே ஹாப்ஸ், ஒரே ஈஸ்ட். ஒரு ஈட்டை இயந்திரத்திலும் மற்றொரு ஈட்டைச் சாதாரணப் பாத்திரத்தில், மால்ட்டைத் துணிப்பையில் போட்டு ஊறவைத்தும் செய்து, இரண்டையும் ஒரே குளிர்பெட்டிக்குள் ஒரே சூட்டில் நொதிக்கவிடுங்கள். தயாரானதும் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான மூன்று குவளைகளில் 60 மி.லி. அளவுக்கு ஊற்றிக் கொடுங்கள். அவற்றில் இரண்டு ஒரே பீர், ஒன்று வேறு. எந்தக் குவளை எந்த இடத்தில் வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாற வேண்டும்; ஊற்றுபவர் ஒருவராகவும் பரிமாறுபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கக் கூடாது. எது மாறுபட்டது என்று மட்டுமே கேட்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகவே இருக்கும் என்பதால், எத்தனை பேர் சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மை என்று கொள்ளலாம் என்பதை முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஆறு பேரில் ஐந்து பேர், ஒன்பது பேரில் ஆறு பேர், பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் சரியாகச் சொன்னால், அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு.

எங்கள் வீட்டில் ஒன்பது நண்பர்களை வைத்து இதை இருமுறை செய்தேன். இயந்திரமா, துணிப்பையா என்ற சோதனையில் நான்கு பேர் மட்டுமே மாறுபட்ட குவளையைக் கண்டறிந்தார்கள். அதே துணிப்பைச் சாற்றை இரண்டாகப் பிரித்து ஒன்றை 19 டிகிரியிலும் மற்றொன்றை 26 டிகிரியிலும் நொதிக்கவைத்த சோதனையில் எட்டுப் பேர் கண்டறிந்தார்கள். நான்கு பேர்தான் கண்டறிந்தார்கள் என்பதால் முதல் சோதனையின் இரண்டு பீர்களும் ஒன்றே என்று நிரூபணமாகிவிடவில்லை. ஒன்பது பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. ஆயினும் என் பணத்தையும் கவனத்தையும் எந்தப் பாதியில் செலவிட வேண்டும் என்பதற்கு எனக்கு அது போதுமான விடை.

போட்டியில் உங்கள் பாட்டிலுக்கு நடப்பது

அமெரிக்க வீட்டுப் பீர்ப் போட்டிகளில் பெரும்பாலானவை 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் விதிகளைப் பின்பற்றுகின்றன, பி.ஜே.சி.பி. என்ற சுருக்கப் பெயரால் எல்லோரும் அதை அறிவர். ஒவ்வொரு பீர் வகையையும் வரையறுக்கும் அதன் 2021ஆம் ஆண்டு வகைநூலில் பீருக்கு 34 முதன்மை வகைகள் உள்ளன. பாட்டிலில் உங்கள் பெயர் இருக்காது. எண் மட்டுமே இருக்கும். குறைந்தது இரண்டு நடுவர்கள் 50 புள்ளிக்கு மதிப்பிடுவார்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. 45ம் அதற்கு மேலும் தலைசிறந்தது, 38 முதல் 44 வரை மிகச் சிறந்தது, 30 முதல் 37 வரை மிக நன்று, 21 முதல் 29 வரை நன்று, அதற்குக் கீழே குறையுடையது.

இந்த ஏற்பாட்டின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை. நடுவர்கள் ஊதியம் வாங்காமல் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். சந்தேகம் மனித நாவைப் பற்றியது. கலிஃபோர்னியாவில் ஒயின் தயாரிக்கும் ராபர்ட் ஹாட்சன், புள்ளியியல் அறிந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் அந்த மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் நடுவர்களுக்குத் தெரியாமல் ஒரே பாட்டில் ஒயினை மூன்று குவளைகளாக மற்றவற்றோடு கலந்து வைத்துச் சோதித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார். மூன்றுக்கும் ஒரே பதக்க அளவுக்குள் மதிப்பெண் கொடுத்த நடுவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். அது ஒயின். பீர் நடுவர்களிடம் விரிவான வகைநூலும் தேர்வும் பயிற்சியும் உண்டு. ஆனாலும் பத்தாவது குவளையில் களைத்துப்போகும் நாக்கும், கடுங்கசப்பான ஒன்றுக்கு அடுத்து வரும் மென்மையான பீரைச் சப்பென்று உணரும் வாயும் எல்லா மனிதர்களுக்கும் பொது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. நடுவர்கள் இருவரும் தனித்தனியே எழுதிய பிறகு பேசி ஒரு பொது மதிப்பெண்ணுக்கு வருகிறார்கள். இருவரின் எண்களும் பொதுவாக 7 புள்ளிக்குள் இருக்கும்படி சரிசெய்துகொள்வது வழக்கம். ஆகவே ஒருவர் 33, மற்றவர் 35 என்று தாள்கள் வந்தால், இரண்டு நாக்குகளும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நெருக்கம் பேச்சினால் வந்திருக்கலாம். அவர்கள் எழுதிய சொற்களே தனித்தனியானவை.

அனுப்புமுன் செய்ய வேண்டியவை

போட்டியில் புள்ளி இழப்பதற்கு நான் கண்ட முதல் காரணம் தவறான வகையில் பதிவுசெய்வது. நடுவர் உங்கள் பீர் சுவையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. நீங்கள் குறிப்பிட்ட வகையின் வரையறைக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கிறார். அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை மணம் கமழும் ஒரு பீரை ஆங்கிலேய பிட்டர் வகையில் அனுப்பினால், அது எவ்வளவு இனியதாயினும் புள்ளி குறையும். என்ன செய்ய நினைத்தீர்கள் என்பதை மறந்துவிட்டு, ஒரு பாட்டிலைத் திறந்து, வகைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போது குவளையில் இருப்பது எந்த வரையறைக்கு நெருக்கம் என்று பாருங்கள். செய்முறையில் எழுதிய பெயரை மாற்றிப் பதிவுசெய்வதில் தவறொன்றும் இல்லை.

ஒரே பீரை இரண்டு வெவ்வேறு போட்டிகளுக்கு அனுப்புங்கள். ஒரு பதிவுக்குப் பத்து டாலர் அளவில் கட்டணம் இருக்கும் என்பதால் பல பீர்களை ஒவ்வொரு போட்டிக்கு அனுப்புவதைவிட, ஒரு பீரை இரண்டு இடங்களுக்கு அனுப்புவதில் கற்றுக்கொள்ளக் கூடியது அதிகம். பாட்டில் பழுப்பு நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும்; பச்சை, வெள்ளைக் கண்ணாடிக்குள் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸைக் கெடுத்து நாற்றம் உண்டாக்கும். மூடியில் எழுத்தோ படமோ கூடாது என்று பல போட்டிகள் கேட்கும். அமெரிக்க அஞ்சல் துறை மூலம் மதுவை அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. பீர் பொருட்கள் விற்கும் உள்ளூர்க் கடைகளில் போட்டிக்கான பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அங்கே நேரில் கொடுப்பதே பாதுகாப்பு.

அனுப்பும் ஒவ்வொரு ஈட்டிலும் இரண்டு பாட்டில்களைக் குளிர்பெட்டியில் உங்களுக்கென எடுத்து வையுங்கள். இதன் தேவை பின்னால் தெரியும்.

நாவைப் பழக்குதல்

நடுவரின் சொல்லைச் சரிபார்க்க வேண்டுமானால் அந்தச் சொல் குறிக்கும் சுவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. குறையற்ற ஒரு லேகர் பீரை ஐந்தாறு குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் செயற்கை வெண்ணெய் எசன்ஸை ஊசிமுனை அளவுக்கு விடுங்கள். அது டயசெட்டில் என்ற குறை, நொதித்தல் முடியுமுன் ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டால் வருவது. இன்னொன்றில் வேகவைத்த மக்காச்சோளத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி. மூடியிட்டுக் கொதிக்கவைத்த சாற்றில் இந்த வாடை தங்கும். வேறொன்றில் சில துளி வினிகர். அது கிருமித் தொற்றின் அடையாளம். ஒரு பச்சைப் பாட்டில் பீரை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் வெளிச்சம் பட்ட நாற்றம் தெரிந்துவிடும். மருத்துவமனைப் பிளாஸ்திரி வாடை குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் வருவது. 75 லிட்டர் தண்ணீருக்கு, குளோரினை நீக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்று போட்டால் அது தீரும்.

மற்றொரு குவளையில் அரைமணி நேரம் ஊறிய கடுந்தேநீர் டிகாஷனை ஊற்றுங்கள். அது துவர்ப்பு. மால்ட்டை அளவுக்கு மீறிச் சூடான நீரால், 77 டிகிரிக்கு மேல், திரும்பத் திரும்ப அலசினால் உமியிலிருந்து இறங்குவது. நடுவர்களின் ஆங்கிலத் தாள்களில் கசப்பையும் துவர்ப்பையும் மாற்றி எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அறுசுவையில் துவர்ப்பைத் தனியே எண்ணி, வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் அதைச் சிறுவயதிலிருந்தே அறிந்த நமக்கு இந்த வேறுபாடு எளிது. கசப்பு என்று தாளில் எழுதியிருந்தால் ஹாப்ஸைக் குறைக்குமுன் உங்கள் பாட்டிலைத் திறந்து, நாவின் பின்புறம் கசக்கிறதா, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள். முன்னதற்கு ஹாப்ஸின் அளவையும் பின்னதற்கு அலசும் நீரின் சூட்டையும் மாற்ற வேண்டும்.

தாள் வந்த மாலை

தாள் வந்ததும் உறையைப் பிரிக்காதீர்கள். எடுத்து வைத்த பாட்டிலில் ஒன்றைத் திறந்து, அதே ஐந்து தலைப்புகளில் உங்கள் கருத்தை முதலில் எழுதுங்கள். பிறகு நடுவர்களின் தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, புள்ளிகளைக் கையால் மறைத்துக்கொண்டு சொற்களை மட்டும் படியுங்கள். தாளின் அடியில் வகைப் பொருத்தம், தொழில்நுட்பத் தரம், உள்ளத்தைத் தொடும் தன்மை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கும். வகைப் பொருத்தம் குறைவாகவும் தொழில்நுட்பத் தரம் உயர்வாகவும் குறித்திருந்தால் பீரில் திருத்த ஒன்றுமில்லை. பதிவுசெய்த வகைதான் தவறு. தொழில்நுட்பத் தரம் தாழ்ந்திருந்தால் செய்முறையில் தேட வேண்டும்.

38ம் 27ம் வாங்கிய என் கோதுமைப் பீரின் நான்கு தாள்களை இப்படி வைத்துப் படித்தேன். ஒருவர் கிராம்பு மணம் அருமை என்றார். ஒருவர் அது மிகை என்றார். மூன்றாமவர் வாழைப்பழ மணம் போதவில்லை என்றார். நான்காமவருக்குப் பழைய காகித அட்டையின் வாடை வந்திருந்தது. அந்த நால்வரில் மூவர், 38 கொடுத்தவர்களில் ஒருவர் உட்பட, நுரை விரைவில் அடங்கியது என்றும் வாயில் வாயு போதவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். என் பாட்டிலிலும் அதுவே தெரிந்தது. பாட்டிலுக்குள் வாயு உண்டாவதற்காக, அடைக்கும்போது நான் லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரைதான் போட்டிருந்தேன். ஜெர்மானியக் கோதுமைப் பீருக்கு அது போதவே போதாது. அடுத்த ஈட்டில், நொதித்தல் முற்றிலும் முடிந்ததை மூன்று நாள் இடைவெளியில், எஞ்சிய சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் இருமுறை அளந்து உறுதிசெய்துகொண்டு, தடித்த கண்ணாடி பாட்டில்களில் லிட்டருக்கு 8 கிராம் போட்டு அடைத்தேன். மெல்லிய பாட்டில்களில் இந்த அளவை முயலாதீர்கள், அவை வெடிக்கக்கூடும்.

மணத்தைப் பற்றி நால்வரும் நான்கு விதமாகச் சொன்னதால் ஈஸ்ட்டையோ சூட்டையோ தொடவில்லை. அட்டை வாடை ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததால் அதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். வாரம் மூன்று கழித்து இரண்டாவது பாட்டிலைத் திறந்தபோது அந்த வாடை எனக்கும் இலேசாகத் தெரிந்தது. பாட்டிலில் நிரப்பும் குழாய் அடிவரை எட்டாமல் பீர் மேலிருந்து சிதறி விழுந்து காற்றோடு கலந்திருக்கிறது. இப்போது நிரப்பும் குழாயைப் பாட்டிலின் அடியைத் தொடும் நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.